நாலு சனிக்கிழமை, ஒரே ஒரு ஆட்டம்: பழைய வண்ணாரப்பேட்டை மாடி செஸ் வகுப்பு

எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு சின்னத் தெரு. அதில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் "செஸ் எங்கப்பா?" என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமலே கையை மேலே காட்டுவான். சனிக்கிழமை மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை பெரியவர்களுக்கான வகுப்பு. மாதத்துக்கு 600 ரூபாய், அதாவது நாலு சனிக்கிழமை. அந்த நாலு சனிக்கிழமையும் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பழைய ஆட்டம். நான் போன மாதத்தில் அது 1924ஆம் ஆண்டு நியூயார்க்கில் கபபிளாங்கா வெள்ளையிலும் டார்டகோவர் கறுப்பிலும் ஆடிய ஆட்டம். மொத்தம் 52 மூவ்.

ஒரு ஆட்டத்துக்கு எட்டு மணி நேரமா என்று என் மருமகன் கேட்டான். நானும் சேரும்போது அப்படித்தான் நினைத்தேன். முடித்து வந்த பிறகு, எட்டு மணி நேரம் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் இந்த வகுப்பு யாருக்குப் பொருந்தும் என்று உங்களுக்குப் புரியும். நான் தண்டையார்பேட்டைக்காரன், 61 வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கையில் முதலில் கிடைப்பது கேரம் போர்டுதான். தெருவுக்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு போர்டு, அதன் மேலே கயிற்றில் தொங்கும் ஒரு பல்பு. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா எங்கள் வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிளறினோம். செஸ் எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வந்தது. நைட் ஷிஃப்டில் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். காய் எப்படி நகரும், எப்படிச் செக் வைப்பது, எப்படி மேட் ஆகும், எல்லாம் தெரியும். பத்து மூவ் தாண்டி நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் இருபத்தைந்து வருடமாகத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் போன வருடம் வேறொரு இடத்தில் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். 3,000 ரூபாய் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு பெரிய ஆட்டங்களைத் திரையில் ஓட்டுவார்கள். பக்கத்தில் செஸ் மெஷின், யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், பலகை மேல் பச்சை அம்பு ஒன்று நிற்கும். "இதுதான் பெஸ்ட் மூவ், நெக்ஸ்ட்" என்று போய்விடுவார்கள். ஏன் பெஸ்ட் என்று ஒருமுறை கேட்டதற்கு, "பிளஸ் டூ காட்டுது பாருங்க" என்றார் சொல்லிக்கொடுத்தவர். அந்த மாதம் முடிந்தபோது என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வருத்தத்தோடுதான் இந்த மாடி ஏறினேன்.

அறை சின்னது. பிளாஸ்டிக் நாற்காலி பன்னிரண்டு, மடக்கு மேஜை ஆறு, ஒவ்வொன்றிலும் ரெக்சின் விரிப்புப் பலகை. சுவரில் மாட்டியிருக்கும் பெரிய காந்தப் பலகையில்தான் மாஸ்டர் காட்டுவார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாற்பது வயது இருக்கும். என்னைத் தவிர எட்டுப் பேர். இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரிப் பையன்கள் மூவர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். உள்ளே போனதும் போனை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு தாள் தருவார். அதில் ஆட்டத்தின் மூவ்கள் 22 வரைதான் அச்சாகியிருக்கும், அதற்குக் கீழே வெற்றுக் கோடு. அடுத்த பகுதி அடுத்த வாரம். "வீட்டுல போய்த் தேடிப் பாக்காதீங்க, அப்புறம் இங்க வர்றதுல அர்த்தம் இல்ல" என்று மட்டும் சொன்னார். நான் தேடவில்லை. தேடாமல் இருந்ததுதான் இந்த வகுப்பில் நான் எடுத்த நல்ல முடிவு.

முதல் வாரம் பாதி நேரம் கதை. அதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மாஸ்டர் சொன்ன விஷயங்கள் ஆட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன. நியூயார்க்கில் நடந்த அந்தப் போட்டியில் பதினோரு பேர், ஒவ்வொருவரும் மற்றவரோடு இரண்டு முறை, ஆளுக்கு இருபது ஆட்டம். கபபிளாங்கா கியூபாக்காரர், அப்போது உலகச் சாம்பியன். 1916க்குப் பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தவரை இந்தப் போட்டியின் ஐந்தாவது சுற்றில் ரேட்டி தோற்கடித்துவிட்டார். அதற்கு அடுத்த சுற்றுதான் இந்த ஆட்டம். எட்டு வருடம் கழித்து ஒருவர் தோற்கிறார், உடனே மறுபடி உட்கார வேண்டும். எதிரே டார்டகோவர், வித்தியாசமாக ஆடுகிறவர். இதே போட்டியில் விலங்குக் காட்சிசாலையில் ஒராங்குட்டான் குரங்கைப் பார்த்துவிட்டு வந்து, பி2 சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினார். (பலகையில் நெடுவாக்கில் போகும் லைன்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்.) அந்தத் தொடக்கத்துக்கு இன்று வரை ஒராங்குட்டான் என்றுதான் பெயர். போட்டியில் முதல் இடம் 55 வயது லாஸ்கருக்கு, கபபிளாங்கா இரண்டாவது, அலெகைன் மூன்றாவது. 55 வயது என்றதும் ஐஸ் வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கும் தெம்பாக இருந்தது.

தொடக்கம் டச்சு டிஃபென்ஸ். அதை மாஸ்டர் வேகமாகத் தாண்டினார், நானும் தாண்டுகிறேன். 22 மூவ் முடியும்போது நிலைமை இதுதான்: வெள்ளைக்கு சி லைனில் ஒன்றின் பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய், அதைக் குறிவைத்து ஏ5இல் கறுப்புக் குதிரை. வெள்ளை மந்திரி (பிஷப்) டி3இல் உட்கார்ந்து அந்தச் சிப்பாயைக் காக்கிறது. பார்த்தால் காவல்காரன் மாதிரி இருக்கும், ஆனால் அதன் கண் ஜி6 மேலும் இருக்கிறது.

மாஸ்டரின் முறை இதுதான். ஒவ்வொரு நிலையிலும் மூன்று கேள்வி. உன் காய்களில் எது சும்மா இருக்கிறது? அவன் காய்களில் எது எல்லா வேலையையும் பார்க்கிறது? எந்தச் சிப்பாய் எப்படியும் போகப் போகிறது? மூவ் என்ன என்று கேட்கவே மாட்டார். மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் தாளில் எழுதச் சொல்வார்.

இரண்டாவது வாரம் சூடுபிடித்தது. 23ஆவது மூவில் வெள்ளை எச் சிப்பாயை எச்4க்குத் தள்ள, கறுப்பு டி5க்குத் தள்ளினார். இ லைன் திறந்துகொண்டது. ராணியும் ராணியும், யானையும் யானையும் இ8இல் மாறின. மிச்சம் ஆளுக்கு ஒரு யானை, ஆறு சிப்பாய், வெள்ளைக்கு மந்திரி, கறுப்புக்குக் குதிரை. "இப்ப யாருக்கு நல்லது?" என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னார். கறுப்புக்கு என்று ஐந்து பேர். நானும்தான். சி3இல் ஒரு வெள்ளைச் சிப்பாய் துணையில்லாமல் நிற்கிறது, அதன் எதிரில் சி4 கட்டம் குதிரைக்குக் காலி. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளை அந்தச் சிப்பாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 27ஆவது மூவ் எச்5. அதைக் கறுப்பு எடுத்தால் என்ன என்று கேட்டோம். மாஸ்டர் எடுத்துக் காட்டினார்: யானை எச்1க்கு வந்து சிப்பாயைத் திரும்பப் பிடிக்கிறது, அப்போது எச்7, டி5 இரண்டும் ஆட்டம் காண்கின்றன. அதனால் கறுப்பு எடுக்கவில்லை. ஜி6இல் சிப்பாய்கள் மாறின, எச் லைன் திறந்தது, அதுவரை ஏ1 மூலையில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளை யானை எச்1க்கு வந்து, அங்கிருந்து எச்7இல் போய் உட்கார்ந்தது. அந்த ஒரு மூவோடு கறுப்பு ராஜாவால் எட்டாவது வரிசையை விட்டு இறங்க முடியாமல் போனது. "பூட்டு போட்டாச்சு" என்றார் ஆட்டோ ஓட்டுநர்களில் ஒருவர். மாஸ்டருக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், மாதம் முழுக்க ஏழாவது வரிசை யானையைப் பூட்டு என்றே சொன்னார்.

அப்புறம் கறுப்பு யானை சி6க்கு வந்து சி3யை நேராகக் குறிவைக்கிறது. குதிரை சி4க்குப் பாய்கிறது, இ3இல் செக் வைக்கிறது, கடைசியில் எஃப்5இல் வந்து நிற்கிறது. வெள்ளை இதற்குள் ஜி சிப்பாயை ஜி5 வரை தள்ளிவிட்டார். 34ஆவது மூவில் மந்திரியைக் கொடுத்து அந்தக் குதிரையை எடுக்கிறார்.

இங்கே வங்கி அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "மந்திரிதானே நல்ல காய், அதை ஏன் மாத்தணும்?" மாஸ்டர் பதில் சொல்லவில்லை. எஃப்5 குதிரையைக் கையில் எடுத்து, அது எந்தெந்தக் கட்டத்தைக் காக்கிறது என்று எங்களையே சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சொன்னோம்: டி4, டி6, இ3, இ7, ஜி3, ஜி7, எச்4, எச்6. பலகையில் அந்த எட்டுக் கட்டத்திலும் சிவப்புக் காந்தம் ஒட்டினார். "இந்த வாரம் இவ்ளோதான். ஜி3யையும் எச்4யையும் ஞாபகம் வெச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மார்க்கெட் போகும்போதும் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் ஜி3, எச்4 என்று என் மனசு அதிலேயே இருந்தது.

மூன்றாவது வாரத்துக்காக மட்டுமே 600 ரூபாய் கொடுக்கலாம் என்று நான் சொல்வேன். இரண்டு மணி நேரமும் ஒரே நிலை. 34 மூவ் முடிந்த இடம். வெள்ளை: ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்பு: ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5. ஐந்துக்கு ஐந்து, சமம். கறுப்பு யானை அடுத்து சி3யை எடுக்கப் போகிறது. வெள்ளை ஆட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, இருபது நிமிடம், பேசக் கூடாது.

வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பலகையில் இதை வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுதியது யானை எச்6. யானைக்கு யானை மாற்றிவிட்டால் சி3 பிழைத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம், எழுதும்போது நல்ல மூவ் என்றே நம்பினேன். மாஸ்டர் என் சீட்டைப் பலகையில் ஆடிக் காட்டினார். கறுப்பு யானை மாற்ற வரவே இல்லை. நேராக சி3யை எடுத்தது, அதுவும் செக்கோடு. "நான் ஏண்ணா மாத்தணும்?" என்றார். சரி, அவன் மாற்றுவதாகவே வைத்துக்கொள்வோம் என்று அதையும் ஆடினார். ஜி5 சிப்பாய் எச்6இல் வந்து நிற்கிறது, கறுப்பு ராஜா ஜி8, எச்7 என்று நடந்து வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, என் ராஜா எட்டாத தூரத்தில். "பூட்டையும் நீங்களே கழட்டிட்டீங்க." அவர் சொன்னதில் கேலி இல்லை. என் மூவை அவர் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு பேசியதே, நான் ஒரு காரணத்தோடு எழுதினேன் என்பதால்தான்.

கல்லூரிப் பையன் ஒருவன் ராஜா ஜி3 என்று எழுதியிருந்தான். கபபிளாங்கா ஆடியது அதுதான். காரணம் கேட்டதற்கு, "வேற எதுவும் தோணல மாஸ்டர்" என்றான். "அப்ப அது உன் மூவ் இல்ல தம்பி" என்று சீட்டை மடித்து வைத்துவிட்டார். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. மாஸ்டர் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பையன்தான் எல்லோரையும்விட நன்றாகக் காரணம் சொன்னான்.

பிறகு ஒவ்வொருவரின் மூவையும் ஆடிப் பார்த்தோம். ராஜா இ3 போனாலும் செக்கோடு சி3 போகிறது. இ2 போனாலும் போகிறது. யானையை எச்3க்கு இறக்கினால் காக்கலாமே என்றார் ஆசிரியர். நடுவில் எஃப்3இல் நம் ராஜாவே நந்தி மாதிரி நிற்கிறது, பார்வை எட்டாது. ஒரு மணி நேரம் இப்படிப் போன பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது: சி3 எப்படியும் போகிறது. அதைக் காப்பாற்ற நினைத்து நாங்கள் எழுதிய எட்டு மூவும் போன பணத்துக்குப் பின்னால் ஓடுவது மாதிரி.

மாஸ்டர் அப்போதுதான் போன வாரத்துச் சிவப்புக் காந்தங்களில் இரண்டை எடுத்தார். ஜி3, எச்4. குதிரை காத்த கட்டங்கள். குதிரை போய்விட்டது, கதவு திறந்திருக்கிறது. "சிப்பாய் போறது போகட்டும். உங்க ராஜா எங்க போகணும்?" என்றார். யாரும் பேசவில்லை. ஐஸ் வியாபாரி எழுந்து போய்ப் பலகையில் விரலை வைத்தார். ஜி3, எச்4, ஜி5, எஃப்6.

மாஸ்டர் ஆடினார். 35, ராஜா ஜி3. கறுப்பு யானை சி3யை எடுத்துச் செக். 36, ராஜா எச்4. கறுப்பு யானை எஃப்3க்கு வந்து எஃப்4 சிப்பாயைக் குறிவைக்கிறது. 37ஆவது மூவில் அதையும் காக்கவில்லை, சிப்பாய் ஜி6. கறுப்பு யானை எஃப்4யை எடுத்து மறுபடி செக். 38, ராஜா ஜி5. கறுப்பு இரண்டு சிப்பாயைத் தின்றுவிட்டது, இரண்டும் செக்கோடு, ஒவ்வொரு செக்குக்கும் வெள்ளை ராஜா தான் போக நினைத்த கட்டத்துக்கே ஒரு படி முன்னேறுகிறது. எதிராளியே கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி. நான் இத்தனை வருடம் ராஜாவை ஒளித்து வைக்க வேண்டிய காய் என்றே ஆடியிருக்கிறேன். எழுபது, எண்பது ஆட்டத்தில் கடைசி நேரத்தில் என் ராஜா மூலையில் உட்கார்ந்திருக்க, சிப்பாய்களை எண்ணிக்கொண்டே தோற்றிருப்பேன். அன்று இரவு மெட்ரோவில் தண்டையார்பேட்டை போய்ச் சேரும் வரை யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. மனசு நிறைந்திருந்தது.

நாலாவது வாரம் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கியது. ராஜா ஜி5இல். கறுப்பு யானை இ4க்கு நகர்ந்திருக்கிறது. எஃப்5இல் ஒரு கறுப்புச் சிப்பாய், காவலே இல்லாமல், ராஜாவின் கைக்கு எட்டும் தூரத்தில். இரண்டு சிப்பாய் குறைவாக இருப்பவன் அதை எடுக்க மாட்டானா?

எனக்கு இது தெரியும் என்று உடனே தோன்றியது. கேரமில் பாக்கெட் வாயில் நம் காயின் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதை அவசரப்பட்டுப் போட மாட்டோம். அது எங்கேயும் போகாது. அது அங்கே இருக்கும் வரை எதிராளிக்கு அந்தப் பாக்கெட் அடைப்பு. அதைத் தட்டினால் நம் காயினை அவனே உள்ளே தள்ளிவிடுவான். கைக்கு எட்டுகிற காயினை விட்டு வைக்கத் தெரியாதவனுக்கு எங்கள் மன்றத்தில் பெரியவர்களோடு உட்கார இடம் கிடையாது. கை தூக்கி, "எடுக்கக் கூடாது மாஸ்டர், அது இருந்தாத்தான் அடைப்பு" என்றேன். எதை அடைக்கிறது என்று கேட்டார். அதற்கு ஐந்து நிமிடம் யோசித்தேன்.

எடுத்துப் பார்த்தோம். ராஜா எஃப்5யை எடுத்தால் கறுப்பு யானை டி4 சிப்பாயைத் தின்னும். அப்புறம் வெள்ளை ராஜா எஃப்6க்கு ஏறினால் யானை எஃப்4இல் வந்து செக் வைக்கும். லைன் காலி, மறைக்க ஆளில்லை, ராஜா விலகித்தான் ஆக வேண்டும். எஃப்5 சிப்பாயை விட்டுவிட்டு நேராக எஃப்6க்கு ஏறினால்? யானை எஃப்4க்கு வந்தாலும் செக் ஆகாது. கறுப்பின் சொந்தச் சிப்பாயே கறுப்பின் யானையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கேரமில் அடைப்பது நம் காயின், இங்கே அடைப்பது அவன் ஆள். வேறுபாடு அவ்வளவுதான் என்று மாஸ்டர் என் உதாரணத்தைத் திருத்திக் கொடுத்தார். எஃப்6இல் ராஜா வந்ததும் யானை எச்8இல் போனால் மேட். கறுப்பு ராஜா ஜி8க்கு ஓடுகிறது. யானை ஜி7இல் செக், ராஜா எச்8க்கு ஒதுங்குகிறது, 41ஆவது மூவில் யானை சி7 சிப்பாயை எடுக்கிறது. அடுத்து சி8இல் மேட் மிரட்டல். இதுவரை துள்ளிக்கொண்டிருந்த கறுப்பு யானை இ8இல் வந்து முடங்குகிறது.

அதற்குப் பிறகுதான், 42ஆவது மூவில், வெள்ளை ராஜா எஃப்5யை எடுக்கிறது. அடைப்பு போய்விடுமே என்றார் வங்கி அக்கா. போகிறதுதான், அடுத்த மூவில் ராஜா மறுபடி எஃப்6 ஏறியதுமே எஃப்4இல் செக் வருகிறது. ராஜா இ5க்கு ஒதுங்கி அந்த யானையையே விரட்டுகிறது, டி5 சிப்பாய் பக்கத்தில். அடைப்பின் வேலை முடிந்துவிட்டது. 45இல் சிப்பாய் ஜி7, செக். அதைக் கறுப்பு ராஜா எடுக்க முடியாது, சி7 யானை ஏழாவது வரிசை முழுக்கப் பார்க்கிறது. கறுப்பு யானை எடுத்தால் யானைகள் மாறி, வெள்ளை ராஜா டி5யை எடுத்துக்கொண்டு வெறும் சிப்பாய் ஆட்டத்தில் ஜெயித்துவிடும். இதை ஆளுக்கு ஒரு பலகையில் ஆடிப் பார்க்கச் சொன்னார். நான் வெள்ளையில் ஒரு தடவை சொதப்பி, இரண்டாவது தடவை ஜெயித்தேன். பிறகு ஏ7, டி5 இரண்டும் விழுகின்றன. 52ஆவது மூவில் வெள்ளைச் சிப்பாய் டி6க்கு வரும்போது கறுப்பிடம் மிச்சம் பி6இல் ஒரே சிப்பாய். டார்டகோவர் விட்டுக்கொடுத்தார்.

கடைசி இருபது நிமிடம் போனை எடுக்கச் சொன்னார். லிசெஸ்ஸில், காசு வாங்காத தளம் அது, ஆட்டத்தை ஏற்றி ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் மெஷினை ஓடவிட்டோம். ராஜா எஃப்6 ஏறிய இடத்தில் எண் எகிறியது. போன வருடம் அதே எண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த எண்ணுக்குப் பின்னால் பூட்டு, அடைப்பு, போய்விட்ட குதிரை எல்லாம் எனக்குத் தெரிந்தது. மெஷினைக் கடைசியில் வைத்ததுதான் இந்த வகுப்பின் பெரிய பலம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் பக்கத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை. டி5 தள்ளியதால் இ லைன் திறந்து எல்லாம் மாறிப்போனது என்று மாஸ்டர் சொன்னார், அதோடு சரி. அதற்கு முன் கறுப்பு எப்படி வேறு திட்டம் போட்டிருக்கலாம் என்று ஒரு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் தினமும் கறுப்பு நிலையில்தான் இருக்கிறோம். முதல் வாரத்துத் தொடக்கமும் அவசரம். டச்சு டிஃபென்ஸ் தெரியாதவர்களுக்கு முதல் 15 மூவ் காற்றில் போய்விட்டது. தாளில் எழுத்து மிகச் சின்னது, என் வயதுக்காரர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். மாடிப்படி குறுகல், ஒரு பக்கம்தான் பிடி, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கழிவறை கீழே, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால். எட்டரை என்பார்கள், ஒன்பதுக்குக் குறைந்து விடுவதில்லை.

சும்மா வேகமாக ஆடிப் பொழுதுபோக்க நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. ஒரு சின்னப் பையனைப் போட்டிக்குத் தயார் செய்ய நினைக்கும் பெற்றோருக்கும் இது இடமில்லை, அதற்கு நம் ஊரில் நல்ல பயிற்சி நிலையங்கள் நிறைய இருக்கின்றன. காய் நகர்த்தத் தெரியும், ஆட்டம் நடுவில் தொலைந்துபோகிறது என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை, மாஸ்டர் பேசுவது நம் பேச்சுதான்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். சனிக்கிழமை மாலை எம்.சி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேடினால் வகுப்பில் பாதி போய்விடும். அடுத்த மாதம் ரோட்லெவியோடு ரூபின்ஸ்டைன் ஆடிய ஆட்டம், லோட்ஸ் நகரம், 1907. பணம் கட்டிவிட்டேன், அந்த ஆட்டத்தையும் இன்னும் தேடிப் பார்க்கவில்லை. அறையில் இரண்டு ஃபேன்தான் இருக்கிறது, ஜன்னல் பக்க ஃபேனுக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் ஆறேகாலுக்கே வந்துவிடுங்கள்.